சந்தேகம் அவங்க மேலயா... உங்க மேலயா?

ராத்திரி 11.40. 'சாப்பிட்டியா?'னு மெசேஜ் அனுப்பி அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு டிக்கும் நீலமாகிடுச்சு. பதில் இல்லை. ஆனா மேலே 'ஆன்லைன்'னு காட்டுது. கொஞ்ச நேரத்தில் காணோம். திரும்பவும் ஆன்லைன்.

'அப்போ யார்கிட்ட பேசிட்டு இருக்காங்க?'

இந்த ஒரு கேள்வி வந்துட்டா அன்னிக்குத் தூக்கம் போச்சு. 12 மணிக்கு இன்ஸ்டாவில் அவங்க போட்ட பழைய போட்டோவைத் தோண்டி, யார் யார் லைக் போட்டிருக்காங்கன்னு பார்க்கிறீங்க. 12.20-க்குத் தெரியாத பேர் ஒன்று கண்ணில் படுது. 12.45-க்கு அந்தப் பேரோட காலேஜ், ஊர், அக்கா கல்யாண ஆல்பம் வரைக்கும் உங்களுக்கு அத்துப்படி. ஒரு மணிக்கு, 'என்னை ஏமாத்துறாங்க'னு முடிவுக்கே வந்தாச்சு. இத்தனைக்கும் கையில் இருக்கும் ஆதாரம் ரெண்டு நீல டிக் மட்டும்தான்.

இப்போ ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்க. அன்னிக்குப் பகலில் உங்களுக்கு என்ன நடந்தது? மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டினாரா? கூடப் படித்தவர் புது கார் சாவியோட போட்டோ போட்டிருந்தாரா? 'இன்னும் வேலை கிடைக்கலையா?'னு யாராவது சொந்தக்காரர் கேட்டாரா?

பல நேரங்களில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். நம்மைப் பற்றி நமக்கே இருக்கும் மதிப்பு இறங்கும்போது, அடுத்தவர் மேல் சந்தேகம் ஏறுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்துவரும் தொடர்பு இது. அதுக்கு முன்னாடி, இந்தச் சந்தேகம் இப்போ எங்கே வந்து நிற்கிறதுன்னு பார்த்துடலாம்.

கோர்ட் வரை போன போன்

2022-ல் வந்த 'லவ் டுடே' படத்தை மறந்திருக்க மாட்டீங்க. காதலிக்கும் இரண்டு பேரை, ஒரே ஒரு நாள் போனை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்வார் பெண்ணோட அப்பா. தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே வந்து பலர் முதல் வேலையாகத் தங்கள் சாட் லிஸ்ட்டை ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். நிஜத்தில் இதே விஷயம் சிரிப்பாக முடிவதில்லை.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. விவாகரத்து கேட்ட கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. தனியுரிமை என்பது அடிப்படை உரிமை, கணவன் மனைவிக்கு இடையிலும் அது உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது மணவாழ்க்கையின் அடித்தளத்தையே அழித்துவிடும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-லேயே சொல்லிவிட்டது.

அடுத்த வருடம் வேறொரு வழக்கில் வேறு மாதிரி தீர்ப்பு. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு கணவர், மனைவியோடு பேசிய போன் உரையாடல்களை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருந்தார். விவாகரத்து வழக்கில் அந்தப் பதிவுகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான விசாரணைக்கான உரிமையை அந்த அமர்வு முன்னிறுத்தியது.

'அப்போ இனி எல்லாரும் ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சிட மாட்டாங்களா?' என்ற கேள்வி அந்த வழக்கிலேயே எழுந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அதுவே அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதன் அறிகுறிதான் என்று பதில் சொன்னது நீதிமன்றம்.

இரண்டு தீர்ப்புகளும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன: வேவு பார்க்கும் கட்டம் வந்துவிட்டால், அங்கே நம்பிக்கை கிடையாது. அந்த நம்பிக்கை ஏன் போனது என்று ஆராய்வது கோர்ட்டின் வேலை இல்லை. அது நம்ம வேலை.

25 செ.மீ. குட்டையானால் என்ன ஆகும்?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் டேனியல் ஃப்ரீமன். சாதாரண மனிதர்களுக்கு வரும் சந்தேக எண்ணங்களை விர்ச்சுவல் ரியாலிட்டி கருவி வைத்து ஆராய்ந்தவர். 2008-ல் வெளியான அவருடைய ஆய்வில் 200 பேருக்கு வி.ஆர். கண்ணாடி மாட்டி, லண்டன் சுரங்க ரயிலில் பயணம் செய்வது போன்ற அனுபவத்தைக் கொடுத்தார்கள். ரயிலில் இருந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பொம்மைகள். யாரும் முறைக்கவில்லை. பெரும்பாலானோர் 'அவங்க பாட்டுக்கு இருந்தாங்க' என்றுதான் சொன்னார்கள். ஆனால், பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு, 'அந்த ஆள் என்னைத் தப்பா பார்த்தான்' என்கிற மாதிரி ஒரு சந்தேகமாவது வந்தது. எல்லோரும் பார்த்தது அதே பொம்மைகளைத்தான்!

2014-ல் வெளியான அடுத்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. ஏற்கெனவே கொஞ்சம் அவநம்பிக்கை எண்ணங்கள் உள்ள 60 பெண்களை அதே வி.ஆர். ரயிலில் இரண்டு முறை ஏற்றினார்கள். ஒருமுறை அவரவர் நிஜ உயரத்தில். இன்னொரு முறை, அவர்கள் பார்வை மட்டத்தை 25 செ.மீ. குறைத்து, அதாவது கிட்டத்தட்ட ஒரு தலை அளவுக்குக் குட்டையாக்கி. ரயில் அதே ரயில். பயணிகளும் அதே பயணிகள்.

உயரம் குறைந்தபோது, 'நான் மற்றவர்களைவிடத் தாழ்ந்தவள்' என்ற உணர்வு அதிகமானது. கூடவே, 'அவர்கள் என்னை முறைக்கிறார்கள், எனக்கு எதிராக இருக்கிறார்கள்' என்ற சந்தேகமும் அதிகமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சந்தேகம் கூடியதற்கான காரணம் முழுக்க அந்தத் தாழ்வுணர்வுதான் என்று தெரிந்தது. இதில் பலர் உயரம் மாறியதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

60 பேர், அதுவும் பெண்கள் மட்டும், அதுவும் ஏற்கெனவே சந்தேக எண்ணம் உள்ளவர்கள் என்பதால், உலகத்தில் எல்லோருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், உங்க பகல் பொழுதோடு ஒப்பிட்டுப் பாருங்க. மேனேஜரின் ஒரு வார்த்தை, சொந்தக்காரரின் ஒரு கேள்வி, இன்ஸ்டாவில் ஒரு கார் சாவி... ஒவ்வொன்றும் உங்களை உங்களுக்கே தெரியாமல் சில சென்டிமீட்டர் குறைத்துவிட்டுப் போகிறது. அந்த உயரத்திலிருந்துதான் ராத்திரி 11.40-க்கு அந்த நீல டிக்கைப் பார்க்கிறீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்ம ஊரில் எப்பவோ சொல்லிட்டாங்க.

'என்கிட்ட என்ன இருக்குன்னு இவங்க என்கூட இருக்காங்க?'

சுயமதிப்பு என்பது ஒரு மீட்டர் மாதிரி என்கிறார் மார்க் லியரி என்ற அமெரிக்க உளவியலாளர். 1995-ல் அவரும் அவர் குழுவினரும் முன்வைத்த கருத்து இது. வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டுகிற மாதிரி, மற்றவர்கள் நம்மை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டும் முள்தான் சுயமதிப்பு. முள் சரியாக வேலை செய்தால் பிரச்னை இல்லை. முள்ளே இறங்கிப்போய் மாட்டிக்கொண்டால்? டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் காலியாகத்தான் காட்டும். வழியில் எங்கே வண்டி நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு பங்க்கிலும் இறங்குவோம். 'என்னைப் பிடிச்சிருக்கா?', 'நிஜமா பிடிச்சிருக்கா?', 'அப்போ ஏன் நேத்து அப்படிப் பேசின?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் அந்தப் பங்க் நிறுத்தங்கள்தான்.

காதலர்களை வைத்து இதைச் சோதித்தவர் சாண்ட்ரா முர்ரே. 1998-ல் அவரும் சக ஆய்வாளர்களும் நான்கு சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். 'நாம அவ்வளவு புத்திசாலி இல்லையோ', 'நாம அவ்வளவு நல்லவங்க இல்லையோ' என்ற மாதிரி சந்தேகங்களை முதலில் பங்கேற்பாளர்களின் மனதில் கிளப்பிவிட்டார்கள். பிறகு, அவர்களுடைய இணையைப் பற்றிக் கேட்டார்கள்.

சுயமதிப்பு குறைவாக இருந்தவர்கள், 'என் இணைக்கு என்மேல் அவ்வளவு மதிப்பு இருக்குமா?' என்று சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். அதோடு நிற்கவில்லை, இணையையும் கொஞ்சம் மட்டமாக மதிப்பிட்டார்கள். 'அவங்க மட்டும் என்ன பெரிய ஆளா?' என்கிற மாதிரி. சுயமதிப்பு அதிகம் இருந்தவர்கள் இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டார்கள். 'என்ன ஆனாலும் எனக்கு அவங்க இருக்காங்க' என்று உறவையே சாய்ந்துகொள்ளும் தூணாக ஆக்கிக்கொண்டார்கள்.

இங்கே இணை எதுவுமே செய்யவில்லை என்பதைக் கவனிங்க. தப்பு செய்யவில்லை, மெசேஜுக்கு லேட்டாகப் பதில் போடவில்லை, சோதனை நடந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடி வேறெங்கோ விழுந்தது, வலி இங்கே தெரிந்தது.

காதலில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீங்க. ஆபீஸில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீங்க போனதும் பேச்சு நின்றால், 'நம்மளைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தாங்க'. பிரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் ரெண்டு நாளாக அமைதியாக இருந்தால், 'நம்மளை விட்டுட்டு வேற குரூப் ஆரம்பிச்சிட்டாங்க போல'. கேள்வி எங்கே போனாலும் ஒன்றுதான்: 'நான் இவங்களுக்கு வேணுமா, வேண்டாமா?'

சந்தேகத்துக்குத் தீனி போடும் ஆப்கள்

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். லைவ் லொகேஷன் 2017-ல். அதற்கு முன்னால், ஒருவர் நம்ம மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாததால் சண்டையும் இல்லை. இன்று ஒருவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது எழுந்தார், யார் போட்டோவுக்கு ஹார்ட் போட்டார் என்பதெல்லாம் நம் உள்ளங்கையில். ஆனால், ஏன் என்ற காரணம் மட்டும் எந்த ஸ்கிரீனிலும் வராது. அந்தக் காலி இடத்தை நம்ம மனசு நிரப்புகிறது. மனசு அன்னிக்கு இருக்கும் நிலைமைக்குத் தகுந்த மாதிரிதான் நிரப்பும்.

ஃபேஸ்புக் உச்சத்தில் இருந்த காலத்தில், 2009-ல் கனடாவைச் சேர்ந்த ஏமி மியூஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 308 மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு, இணையின் ஃபேஸ்புக் நடவடிக்கைகள் மீதான பொறாமையும் அதிகமாக இருந்தது. இது ஒரு சுழலாக இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். சந்தேகம் வருவதால் அதிகம் பார்க்கிறோம். அதிகம் பார்ப்பதால், அரைகுறையாக ஏதாவது கண்ணில் படுகிறது. அதனால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. ஒண்ணும் கிடைக்காவிட்டாலும் நிம்மதி வராது. 'டெலீட் பண்ணியிருப்பாங்க'னு தோணும்!

இந்தச் சுழலின் ஆபத்தான பகுதி அடுத்தது. 'என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க' என்று பயந்து பயந்து நாம் நடந்துகொள்ளும் விதமே, அவர்களை விலகிப்போக வைக்கும். ஜெரால்டின் டவ்னியும் அவர் குழுவினரும் காதல் ஜோடிகளைத் தினமும் டைரி எழுதவைத்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நிராகரிப்பை எப்போதும் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் உறவுகள், மற்றவர்களுடையதைவிட அதிகமாக முறிந்திருந்தன. குறிப்பாகப் பெண்களிடம், சண்டை நாட்களில் அந்தப் பயம் கோபமாக வெளிப்பட்டு, மறுநாள் இணையின் மனதில் கசப்பாகத் தங்கியது. 'நான் அப்பவே நினைச்சேன்'னு பிறகு சொல்வோம். நினைத்தது நடந்ததில் நம்ம பங்கும் இருந்திருக்கும்.

அப்போ சந்தேகமே தப்பா?

இல்லவே இல்லை. இந்தக் கட்டுரையை உங்களை ஏமாற்றும் ஒருவருக்கு ஃபார்வேர்டு செய்தால், 'பார்த்தியா, உனக்குத்தான் தாழ்வு மனப்பான்மை'னு உங்க பக்கமே திருப்பிவிடுவார். அதனால், இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறது 510-வது திருக்குறள். முதல் பாதியும் அந்தக் குறளில்தான் இருக்கிறது. சுயமதிப்பு குறைந்தால் எல்லோரும் சந்தேகப் பேர்வழி ஆவதில்லை. சிலர் தலைகீழாக, கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். 'என்னையும் ஒருத்தர் தேடி வந்திருக்காங்களே' என்ற நன்றியில், கேட்டதும் பணம் கொடுப்பார்கள். பொய் என்று தெரிந்தும் கேள்வி கேட்காமல் இருப்பார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர், வீட்டிலேயே அடிவாங்கி வளர்ந்தவர், சாதி, நிறம், உருவம் என்று எதையாவது காட்டி ஒதுக்கப்பட்டவர், இவர்களின் எச்சரிக்கை உணர்வு அனுபவத்தில் வந்தது. அதை, 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று ஒதுக்குவது அநியாயம்.

அப்போ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மூன்று விஷயங்களைக் கவனிங்க.

1. ஆதாரம் வெளியே இருக்கா, உள்ளே இருக்கா? 'மதுரையில இருக்கேன்னு சொன்னாங்க, ஆனா சென்னையில பார்த்தேன்' என்பது வெளியே நடந்த விஷயம். 'அவங்க குரல் ஒரு மாதிரி இருந்துச்சு' என்பது நம்ம கணிப்பு. கணிப்பும் சரியாக இருக்கலாம். ஆனால், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

2. யார் வந்தாலும் இதே சந்தேகமா? முந்தைய காதல், இப்போதைய காதல், ரூம்மேட், டீம் லீட் என்று ஆள் மாறினாலும் கதை மாறவில்லை என்றால், கதையை எழுதுவது யார் என்று யோசிக்கணும்.

3. பதில் கிடைத்தால் அடங்குதா? நேரடியாகக் கேட்டு, நம்பும்படியான பதில் கிடைத்த பிறகு சந்தேகம் குறைந்தால், அது சாதாரணமானது. ஒரு பதில் கிடைத்ததும் அடுத்த கேள்வி முளைத்துக்கொண்டே இருந்தால், பிரச்னை பதிலில் இல்லை.

என்ன செய்யலாம்?

போனைத் தோண்டத் தோன்றும் அந்த நிமிடத்தில், 'அவங்க என்ன பண்றாங்க?' என்பதற்கு முன்னால், 'இன்னிக்கு எனக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்க. பெரும்பாலும் அன்றைய நாளின் ஏதோ ஒரு அடி ஞாபகம் வரும். அதைச் சொல்லுங்க. 'யார்கூட பேசிட்டு இருந்த?' என்று கேட்டால் சண்டை. 'இன்னிக்கு ஆபீஸ்ல ரொம்ப அசிங்கமாப் போச்சு, உன்கிட்ட பேசணும்போல இருக்கு' என்று சொன்னால் ஆறுதல். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் தேவை ஒன்றுதான்.

அப்புறம் செட்டிங்ஸ். வாட்ஸ்அப்பில் நீல டிக்கையும் 'லாஸ்ட் சீன்'-ஐயும் ஆஃப் செய்தால், மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் முயற்சி செய்து பாருங்க. முதல் ரெண்டு நாள் கை அரிக்கும். அதன் பிறகு எப்படி இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யுங்க.

மீட்டரை ஒரே ஆளின் கையில் கொடுக்காதீங்க. காதலர் ஒருவரின் பதில்தான் உங்க மதிப்பு என்றால், அவர் குளிக்கப் போன 20 நிமிடத்தில்கூட உங்க மதிப்பு சரியும். பழைய நண்பர்கள், வாரம் ஒருமுறை விளையாடும் ஷட்டில், கற்றுக்கொள்ளும் ஏதாவது ஒரு வேலை என்று, உங்களை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் நாலைந்து இருந்தால், ஒரு இடத்தில் முள் இறங்கினாலும் மற்ற இடங்கள் தாங்கும்.

சந்தேகம் வாரக்கணக்கில் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது, எல்லோரும் எனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற அளவுக்குப் போகிறது என்றால், தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்க. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஒருவேளை நீங்க சந்தேகப்படுபவர் இல்லை, சந்தேகப்படப்படுபவர் என்றால்? இணையின் காயத்தைப் புரிந்துகொள்ளலாம், பொறுமையாகப் பதில் சொல்லலாம். ஆனால், பாஸ்வேர்டைக் கொடுப்பதும் லொகேஷனை ஆன் செய்து வைப்பதும் காதலின் வாடகை கிடையாது. கொடுத்தாலும் அது போதாது, அடுத்து வேறொன்று கேட்கப்படும். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ, மின்னஞ்சலையோ, மெசேஜ்களையோ ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி குற்றம். முதல்முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. சில விதிவிலக்குகள் இருக்கின்றன. 'காதலன்', 'கணவன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மிரட்டல், அடி என்று போனால், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்க. சந்தேகத்துக்கு என்ன காரணம் இருந்தாலும் சரி, அடிப்பதற்கு அது காரணம் ஆகாது.

கடைசியாக, அந்த 11.40 மெசேஜ். மறுநாள் காலையில், 'சாரி, சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிட்டேன். அம்மா என் போனை எடுத்து சீரியல் பார்த்துட்டு இருந்தாங்க'னு ஒரு பதில் வரலாம். நிஜமாகவே வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்திருக்கவும் செய்யலாம். எது நடந்திருந்தாலும், ராத்திரி ஒரு மணிக்கு அதைக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் நேரில் கேட்கலாம். அதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். பதில் எதுவாக இருந்தாலும் நாம உடைஞ்சு போயிட மாட்டோம் என்ற தைரியம். சுயமதிப்புன்னு சொல்றது அதைத்தான்.

போனைக் கவிழ்த்து வெச்சிட்டுத் தூங்குங்க பாஸ்!